அடிபட்டவரை விசாரிக்கும் ஊர்

எங்கள் தெருவில் வாழும் மூதாட்டி ஒருவர், சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒருநாள், விடியற்காலைப் பூசைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். ஆலயத்தின் விளக்கொளி கண்ணுக்குத் தெரியும் தொலைவில், இருசக்கர வண்டியில் வந்த இருவர் அவருடைய கழுத்துச் சங்கிலியைப் பறித்துக்கொண்டு மறைந்தனர். இழுத்த வேகத்தில் அவர் தரையில் விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. கழுத்தைச் சுற்றிச் சிவந்த கோடு ஒன்று பல நாள் இருந்தது.

அன்று மாலை அவரைப் பார்க்கச் சென்றவர்கள் கேட்ட கேள்விகளை அப்படியே எழுதுகிறேன். "இந்த வயதில் கழுத்தில் எதற்கு ஆச்சி சங்கிலி?" "இருட்டோடு தனியாக ஏன் கிளம்பினீர்கள்?" "முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு போயிருக்கக் கூடாதா?" "வண்டிச் சத்தம் கேட்டதும் ஒதுங்கி நிற்க வேண்டாமா?" காவல் நிலையத்தில் கேட்டதோ வேறு வகை: "சங்கிலி வாங்கிய ரசீது இருக்கிறதா? பவுன் கணக்கைக் கூட்டிச் சொல்லாதீர்கள்."

இவற்றை எழுதும் எனக்கு ஒதுங்கி நின்று தீர்ப்பளிக்கும் தகுதி இல்லை. நானும் போனேன், நானும் கேட்டேன். "இரண்டாம் பூசைக்கு வந்திருக்கலாமே, ஆச்சி?" என்பது என் கேள்வி. அவர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்து, "ஆமாய்யா, எம்மேலதான் தப்பு" என்றார். அதன்பின் அவர் விடியற்காலைப் பூசைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

சங்கிலியை எடுத்துச் சென்றவர்கள் இருவர். அந்த விடியற்காலையை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள் நாங்கள். இந்த இரண்டாவது பறிப்பைப் பற்றித்தான் இக்கட்டுரை.

சொல்லிலேயே தொடங்கும் பழி

குற்றத்தைக் குறித்து நாம் அன்றாடம் வழங்கும் சொற்களைச் சற்று உற்றுக் கேட்போம். சங்கிலியைப் 'பறிகொடுத்தார்' என்கிறோம். பறித்தவன் எங்கோ மறைந்துவிட, இழந்தவர் 'கொடுத்தவர்' ஆகிவிடுகிறார். மோசடி செய்தவனைவிட 'ஏமாந்தவன்' என்ற சொல்தான் நம் வாயில் முந்துகிறது. கொலையுண்டவர் 'பலியானார்' என்கிறோம். பலி என்பது நம் வழிபாட்டில் மனமுவந்து ஒப்புக்கொடுப்பதைக் குறிக்கும் சொல். கொலைகாரனுக்கு எவரும் தம்மை ஒப்புக்கொடுப்பதில்லை. 'விக்டிம்' என்ற ஆங்கிலச் சொல்லின் மூலமான இலத்தீன் சொல்லும் பலி விலங்கையே குறித்தது என்பதை எண்ணும்போது, இக்கோளாறு ஒரு மொழிக்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கும்.

எல்லாவற்றிலும் கொடியது ஒன்று உண்டு. 'கெடுத்தான்' என்பது பிறவினை. அதற்கு எழுவாய் அவன். ஆனால் ஊர் வாயில் அது ஓரிரவில் தன்வினையாகிவிடுகிறது: 'கெட்டுப்போனாள்.' எழுவாய் மாறுகிறது. குற்றவாளி வாக்கியத்தைவிட்டே வெளியேறிவிடுகிறான். 'கற்பழிப்பு' என்ற சொல்லைப் பல்லாண்டுக் காலம் நம் நாளிதழ்கள் தயக்கமின்றி அச்சிட்டன. ஒருவன் செய்த வன்முறையால் ஒரு பெண்ணின் கற்பு அழிந்தது என்று அச்சொல் அறிக்கையிடுகிறது. அழிந்தது எதுவாயினும் அது அவனுடையதே அன்றி அவளுடையது அன்று. 'பாலியல் வன்கொடுமை' என்னும் சொல் இப்போது வழக்கில் ஊன்றியிருப்பது நல்ல மாற்றம். ஆயினும் சொல் மாறிய அளவுக்கு நம் நாக்கு மாறியதாகத் தெரியவில்லை.

ஓர் அறிவியலின் தவறான முதலடி

குற்றம் செய்தவனை ஆராயும் குற்றவியல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டது. அவனுடைய மண்டையோட்டை அளந்தார்கள். குடும்பத்தையும் வறுமையையும் மனநிலையையும் ஆராய்ந்தார்கள். அடிபட்டவரைப் பற்றிய தனித்துறை பிறக்க 1940-கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ருமேனிய வழக்கறிஞர் பெஞ்சமின் மெண்டல்சன் 1947-இல் இத்துறைக்குப் பெயர் சூட்டினார். அதைத் தமிழில் 'பாதிக்கப்பட்டோரியல்' என்று கூறலாம். 1948-இல் ஜெர்மானியரான ஹான்ஸ் ஃபான் ஹெண்டிக், குற்றவாளியையும் அவனால் பாதிக்கப்பட்டவரையும் இணைத்து ஆராயும் நூலை அமெரிக்காவில் வெளியிட்டார்.

நல்லது நடக்கப்போகிறது என்றுதானே நினைப்போம்? ஆனால் அத்துறை எடுத்துவைத்த முதலடி எங்கள் தெருவின் கேள்வியே. மெண்டல்சன் பாதிக்கப்பட்டோரை வகைப்படுத்தினார்; முற்றிலும் மாசற்றவர் என்பதில் தொடங்கி, முழுக் குற்றமும் தம்மேல் கொண்டவர் என்பது வரை அவ்வரிசை நீண்டது. ஹெண்டிக் இளையோர், முதியோர், பெண்கள், குடியேறியோர், சிறுபான்மையோர் என்று வகைகளை அடுக்கி, குற்றத்தை ஈர்க்கும் இயல்பை அவர்களிடமே தேடினார். 1958-இல் மார்வின் உல்ஃப்கேங், பிலடெல்பியா நகரின் 588 கொலைகளை ஆராய்ந்து, அவற்றுள் 26 விழுக்காட்டில் முதலில் கை நீட்டியவர் இறந்தவரே என்றார். இதில் ஓரளவு உண்மை உண்டு. குடிபோதைச் சண்டையில் முதல் அடி யாருடையது என்பது கேட்கத்தக்க கேள்விதான்.

ஆனால் அதே அளவுகோலை எடுத்துச் சென்று 1971-இல் மெனாக்கிம் அமீர், அதே நகரின் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பொருத்தினார். 19 விழுக்காட்டில் பெண்ணே தூண்டியவள் என்ற முடிவுக்கு வந்தார். தூண்டுதல் என்று அவர் கருதியவை யாவை? போதுமான வலிமையோடு எதிர்க்காமை, பேச்சு, நடத்தை பற்றிய ஊரார் மதிப்பீடு ஆகியவை. கையை ஓங்குவதும் ஒருவரோடு பேசுவதும் ஒரே தராசில் வைக்கப்பட்டன. அறிஞர்களும் பெண்ணுரிமை இயக்கத்தினரும் இதைக் கடுமையாகச் சாடினர். அதே 1971-இல்தான், வறியோரின் வறுமைக்கு வறியோரையே காரணம் காட்டும் போக்கை எதிர்த்து வில்லியம் ரயன் ஒரு நூல் எழுதினார். 'பாதிக்கப்பட்டவரைப் பழித்தல்' என்ற தொடர் அதன் தலைப்பாகவே அமைந்தது.

நார்வே நாட்டுக் குற்றவியலாளர் நில்ஸ் கிறிஸ்டி 1986-இல் வேறொரு கேள்வி எழுப்பினார். யாரைச் சமூகம் உடனே, ஐயமின்றி, பாதிக்கப்பட்டவராக ஏற்றுக்கொள்கிறது? அவர் காட்டிய உருவம் இது: வலிமையற்ற முதிய பெண்; நோயுற்ற தங்கையைக் கவனித்துவிட்டுப் பட்டப்பகலில் வீடு திரும்புகிறாள்; முன்பின் அறியாத முரடன் ஒருவன் அவளைத் தாக்கிப் பையைப் பறிக்கிறான். இப்படிப்பட்டவருக்கு மட்டுமே இரக்கம் தடையின்றிக் கிடைக்கும். மற்றவர்கள் தம் மாசின்மையை மெய்ப்பிக்க வேண்டியிருக்கும் என்பது அவர் கருத்து. கிறிஸ்டி எங்கள் தெருவைப் பார்த்ததில்லை. முதியவள், பெண், வலிமையற்றவள், பூசைக்குப் போனவள், முன்பின் அறியாதவனால் தாக்கப்பட்டவள்: இவ்வளவும் பொருந்திய ஒருத்தியையே நாங்கள் விசாரணைக்கு உட்படுத்தினோம். அப்படியானால் இரவுப்பணி முடிந்து திரும்பும் நூற்பாலைப் பெண்ணுக்கும், காதலனால் தாக்கப்பட்டவளுக்கும், சேரியில் அடிபட்ட இளைஞனுக்கும் இங்கே என்ன கிடைக்கும்?

நாம் ஏன் பழிக்கிறோம்?

கொடியவர்கள் என்பதால் பழிக்கிறோம் என்று சொல்லிவிட்டால் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும். உண்மை அதைவிடச் சங்கடமானது.

உளவியலாளர் மெல்வின் லெர்னர், கேரலின் சிம்மன்ஸ் என்பவரோடு இணைந்து 1966-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு பெண் மின்னதிர்ச்சியால் துன்புறுவதாக மாணவியருக்குக் காட்டப்பட்டது. துன்பம் உண்மையன்று, நடிப்பு. அது பார்த்தவர்களுக்குத் தெரியாது. தொடக்கத்தில் இரங்கியவர்கள், துன்பம் தொடரும் என்று அறிந்தபோது, அப்பெண்ணை மதிப்புக் குறைந்தவளாகக் கருதத் தொடங்கினர். உலகம் நீதியானது, அவரவர்க்கு உரியதே அவரவர்க்கு வரும் என்ற நம்பிக்கையைக் காத்துக்கொள்ள, மனம் துன்புறுபவரையே குறைத்து மதிப்பிடுகிறது என்று லெர்னர் விளக்கினார். அவள் கவனக்குறைவாக இருந்தாள் என்றால், கவனமாக இருக்கும் நான் தப்பிவிடுவேன் அல்லவா? ஆச்சியிடம் நாங்கள் கேட்ட கேள்விகள் அவருக்காகக் கேட்டவை அல்ல. எங்கள் அச்சத்திற்கு நாங்கள் பூசிக்கொண்ட மருந்து அவை.

யோபுவின் நண்பர்கள் மூவரும் இதே வேலையைச் செய்தவர்கள்தாம். ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் வாய் பேசாமல் அமர்ந்திருந்தவரை அவர்கள் நண்பர்கள். வாய் திறந்ததும் வழக்குரைஞர்கள் ஆனார்கள். நீ ஏதோ செய்திருக்க வேண்டும் என்ற ஒரே வாதத்தை மாற்றி மாற்றி உரைத்தார்கள். அந்நூலின் முடிவில் ஆண்டவர் சினங்கொள்வது அவர்கள் மேல்தான்.

லெர்னரின் ஆய்வில் இன்னொரு பகுதி உண்டு. அதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அந்தப் பெண்ணின் துன்பத்தை நிறுத்தி உதவும் வாய்ப்பு மாணவியருக்குத் தரப்பட்டபோது, ஏறக்குறைய அனைவரும் அதைப் பயன்படுத்தினர். அவர்கள் அவளை அந்த அளவுக்கு இழிவாக மதிப்பிடவும் இல்லை. உதவ வழியின்றிப் பார்த்துக்கொண்டிருப்பவனின் மனம் பழி தேடுகிறது. உதவ வழி இருக்கும்போது அத்தேடல் தளர்கிறது. பழித்தலை ஒழிக்க அறிவுரை மட்டும் போதாது. உதவுவதற்கான வழிகளை ஊரும் அரசும் திறந்துவைக்க வேண்டும். இக்கட்டுரையின் மையக் கருத்து இதுவே.

வாச்சாத்தி கற்பித்த பாடம்

தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள பழங்குடிச் சிற்றூர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று வனத்துறையினர், காவல்துறையினர், வருவாய்த்துறையினர் என ஒரு பெரும்படை, சந்தனக் கட்டைகளைத் தேடுகிறோம் என்று சொல்லி அவ்வூருக்குள் நுழைந்தது. வீடுகள் இடிக்கப்பட்டன, மக்கள் தாக்கப்பட்டனர், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். ஊரார் பலர் சிறைக்குள் அடைக்கப்பட்டனர். அடிபட்டவர்கள் கைதிகளாயினர், அடித்தவர்கள் புகார்தாரர்களாயினர்.

அப்போது நாட்டில் நிலவிய பேச்சை அந்நாளைய வாசகர்கள் நினைவுகூரக்கூடும். "சந்தனக் கட்டை கடத்துகிற ஊர்தானே?" என்ற ஒரே சொற்றொடர், ஓர் ஊரின் அழுகையை மூடிவிடப் போதுமானதாயிருந்தது. இது எங்கள் தெருவின் கேள்வியின் அரசு வடிவம். ஆச்சியிடம் "ஏன் சங்கிலி அணிந்தீர்கள்?" என்றோம். வாச்சாத்தியிடம் "ஏன் அந்தக் காட்டருகே வாழ்ந்தீர்கள்?" என்றோம்.

பழங்குடியினர் சங்கமும் இடதுசாரி இயக்கத்தினரும் விடாது போராடினர். 1995-இல் உயர் நீதிமன்ற ஆணையின்பேரில் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணையை ஏற்றது. 269 அரசு ஊழியர்கள் குற்றஞ்சாட்டப்பட்டனர். தருமபுரி அமர்வு நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்புரைத்தபோது அவர்களுள் 54 பேர் இறந்துபோயிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என முடிவு செய்யப்பட்டது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று அத்தீர்ப்பை உறுதிசெய்தது. உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பதற்காகவே இக்கொடுமை அரங்கேறியது என்று நீதிபதி வேல்முருகன் சுட்டிக்காட்டினார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டார்.

நிகழ்வுக்கும் இத்தீர்ப்புக்கும் இடையே 31 ஆண்டுகள். அன்று பிறந்த குழந்தைக்கு இன்று பிள்ளைகள் இருக்கக்கூடும். அப்பெண்கள் அத்தனை ஆண்டுகளும் நீதிமன்றப் படியேறி, தாங்கள் பொய் சொல்லவில்லை என்பதை மெய்ப்பித்துக்கொண்டே இருந்தார்கள். இதற்கு அறிஞர்கள் 'இரண்டாம் பாதிப்பு' என்று பெயரிட்டிருக்கிறார்கள். முதல் பாதிப்பு ஒரு நாளில் முடிந்தது. இரண்டாம் பாதிப்பு ஒரு தலைமுறை நீடித்தது.

இன்னொன்றும் உண்டு. இந்தியப் பாதிக்கப்பட்டோரியல் கழகம் சென்னையை மையமாகக் கொண்டு தோன்றியதும் அதே 1992-இல்தான். அறிவு ஓரிடத்தில் விழித்துக்கொண்டிருந்த ஆண்டில், அதிகாரம் இன்னோரிடத்தில் இப்படி நடந்துகொண்டது. அறிவு பல்கலைக்கழகத்தைத் தாண்டி வாச்சாத்திக்கு நடந்து வர வேண்டியிருந்த தூரம் எவ்வளவு என்பதை இதனால் அறியலாம்.

மணிக்கயிறு யார் கையில்?

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை உண்டு. கன்றை இழந்த பசு தானே வந்து மணியடித்தது என்பது கதை. பசுவிடம் "உன் கன்று ஏன் தேர் ஓடும் வீதிக்கு வந்தது?" என்று எவரும் கேட்டதாகக் கதையில் இல்லை. கண்ணகியும் அவ்வாறே. பாண்டியன் அவையில் தன் வழக்கைத் தானே உரைத்தாள். தன் சான்றைத் தானே உடைத்துக் காட்டினாள். அரசன் செவிமடுத்தான், தன் தவற்றை ஒப்புக்கொண்டான்.

இன்றைய முறையில் கண்ணகிக்கு இடம் எங்கே? குற்றம் என்பது அரசுக்கு எதிரானது. ஆகவே வழக்கு அரசுக்கும் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் இடையில் நடக்கிறது. பாதிக்கப்பட்டவர் அரசுத் தரப்புச் சாட்சிகளுள் ஒருவர். அழைத்தால் வர வேண்டும், கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும், பிறகு போய்விட வேண்டும். மக்களுக்குரிய பிணக்குகளை அரசு அவர்களிடமிருந்து களவாடிவிட்டது என்று கிறிஸ்டி 1977-இலேயே எழுதினார். நம் நாட்டில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் 1979-இல் ஒரு தீர்ப்பில், பாதிக்கப்பட்டோரின் துயரம் நம் சட்டத்தின் கவனத்தையே ஈர்க்கவில்லை என்று வருந்தினார்.

உலகம் சிறிது நகர்ந்தது. இங்கிலாந்தின் சீர்திருத்தவாதி மார்ஜரி ஃபிரை அம்மையார் 1950-களில், குற்றத்தால் காயமுற்றோர்க்கு அரசே ஈடு செய்ய வேண்டும் என்று வாதிட்டார். 1963-இல் நியூசிலாந்து அதற்கு முதன்முதலில் சட்டம் இயற்றியது. 1985 நவம்பர் 29 அன்று ஐக்கிய நாடுகளின் பொது அவை, பாதிக்கப்பட்டோர்க்கான நீதி பற்றிய அடிப்படைக் கோட்பாடுகளை அறிக்கையிட்டது. குற்றவாளி பிடிபட்டாலும் பிடிபடாவிட்டாலும், தண்டிக்கப்பட்டாலும் விடுபட்டாலும், பாதிக்கப்பட்டவர் பாதிக்கப்பட்டவரே என்பது அதன் அடித்தளம்.

இந்தியச் சட்டமும் மெல்ல அசைந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2008-இல் செய்யப்பட்ட திருத்தம் 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தபோது, மாநிலங்கள் இழப்பீட்டுத் திட்டம் வகுக்க வேண்டும் என்றானது. குற்றவாளி அடையாளம் காணப்படாவிட்டாலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாடு 2013-இல் தன் திட்டத்தை வகுத்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், பாதிக்கப்பட்டோர் மற்றும் சாட்சிகளின் உரிமைகளுக்கெனத் தனி இயலே 2016 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, புலனாய்வின் முன்னேற்றத்தைத் தொண்ணூறு நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. வழக்கை அரசு திரும்பப் பெறுமுன் அவரைக் கேட்க வேண்டும் என்கிறது.

ஏட்டில் இவ்வளவு இருக்கிறது. எங்கள் தெருவில் இவற்றுள் ஒன்றையேனும் அறிந்தவர் ஒருவரும் இல்லை. அன்று நானும் அறிந்திருக்கவில்லை. மணி தொங்குகிறது. கயிறு எங்கே இருக்கிறது என்று சொல்லத்தான் ஆளில்லை.

எழும் மறுப்புகள்

"எச்சரிக்கையாக இருக்கச் சொல்வதும் குற்றமா?" என்று கேட்பார்கள். இல்லை. கதவைப் பூட்டு என்று முதல்நாள் சொல்வது அன்பு. களவு போன மறுநாள் சொல்வது தீர்ப்பு. சொல் ஒன்றே ஆயினும் காலம் அதன் பொருளை மாற்றிவிடுகிறது.

"பாதிக்கப்பட்டவருக்கு உரிமை பெருகினால் குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமை குறையாதா?" என்பது சட்டம் அறிந்தவர்களின் கேள்வி, மதிக்கத்தக்க கேள்வி. குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை ஒருவரைக் குற்றமற்றவராகக் கொள்ள வேண்டும் என்ற நெறியில் ஓர் இழையும் அறுபடக் கூடாது. ஐக்கிய நாடுகளின் அறிக்கையும் அதை வெளிப்படையாகப் பேணுகிறது. ஆனால் முறிந்த கைக்குக் கட்டுப் போடுவதால், வழக்கின் நிலையைத் தெரிவிப்பதால், காத்திருக்க ஒரு நாற்காலி தருவதால், எந்தக் குற்றஞ்சாட்டப்பட்டவரின் எந்த உரிமை குறைந்துவிடும்?

"கடுமையாகத் தண்டித்தால் போதும், வேறென்ன வேண்டும்?" என்று முழங்குவோர் பலர். இவர்கள் பாதிக்கப்பட்டவரின் பெயரைச் சொல்லித் தம் சினத்திற்கு இரை தேடுகிறவர்கள். 2019 டிசம்பரில் ஐதராபாத் அருகே, ஓர் இளம்பெண்ணின் கொலையில் குற்றஞ்சாட்டப்பட்ட நால்வரைக் காவல்துறையினர் சுட்டுக் கொன்றபோது, மக்கள் அவர்கள்மேல் மலர் தூவினர். உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையமோ, காவல்துறை கூறிய நிகழ்வுகள் நம்பத்தக்கவை அல்ல, கொல்லும் நோக்கத்தோடே சுட்டார்கள் என்று 2022-இல் முடிவுரைத்தது. மலர் தூவியவர்களால் அப்பெண்ணின் குடும்பத்திற்குக் கிடைத்தது என்ன? தம் மகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை ஒரு நீதிமன்றம் ஆராய்ந்து சொல்லும் வாய்ப்பும் அத்தோடு போயிற்று. பழிவாங்கல் கூட்டத்தின் பசியைத் தீர்க்கும். அடிபட்டவரின் காயம் அப்படியேதான் இருக்கும்.

"பணம் கொடுத்துவிட்டார்களே!" என்பது கடைசி மறுப்பு. இழப்பீடு பிச்சையும் அன்று, வாயடைப்பதற்கான விலையும் அன்று. காக்கத் தவறிய சமூகம் செலுத்தும் கடன். கடனை 31 ஆண்டு கழித்துச் செலுத்துபவர் கொடையாளி போல நடந்துகொள்ளக் கூடாது.

நம் வீட்டுக் கதவு

பிறரைக் குறை சொல்லி முடித்துவிடுவது எளிது. சிறையில் இருப்போரைச் சந்திக்கும் பணி நம் மறைமாவட்டங்கள் பலவற்றில் நடைபெறுகிறது. அது நற்செய்தி நமக்கு இட்ட கடமை, தொடர வேண்டும். ஆனால் அவர்களால் காயமுற்றோரின் வீடுகளைச் சந்திக்கும் பணிக்கு நம்மிடம் ஒரு பெயராவது உண்டா? கொலையுண்டவரின் மனைவி, கொள்ளையில் அடிபட்ட முதியவர், வன்கொடுமைக்கு ஆளான சிறுமி ஆகியோரின் வீட்டிற்கு அடக்கச் சடங்கோடு, அல்லது ஒரு முறை செபத்தோடு, நம் வருகை முடிந்துவிடுகிறது.

இதைவிடக் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். குற்றம் நம் நிறுவனங்களுக்குள்ளேயே நிகழ்ந்தபோது, பல நாடுகளில், திருச்சபையின் நற்பெயரைக் காப்பது முதல் வேலையாயிற்று. காயமுற்ற பிள்ளை இரண்டாம் இடத்திற்குத் தள்ளப்பட்டது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் பிறப்பித்த ஆணை, முறையிடுவோரை மாண்போடு ஏற்று, செவிமடுத்து, உடன்நடக்கத் திருச்சபை அதிகாரிகளைக் கடமைப்படுத்தியது. 2023-இல் அது நிலையான சட்டமாக்கப்பட்டது. அந்த ஆணை தேவைப்பட்டதே நம் பழைய மௌனத்திற்குச் சான்று. "வெளியே சொன்னால் யாருக்கு அவமானம்?" என்று எந்தப் பங்கிலாவது, எந்தப் பள்ளியிலாவது, எந்தக் குடும்பத்திலாவது இன்றும் ஒரு பிள்ளையிடம் கேட்கப்படுமானால், அது சங்கிலிக் கேள்வியின் மிகக் கொடிய வடிவம்.

எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போன மனிதன் ஏன் தனியாகப் போனான், கையில் எவ்வளவு பணம் வைத்திருந்தான் என்று சமாரியர் கேட்கவில்லை. காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தார், தம் விலங்கின்மேல் ஏற்றினார், சாவடியில் சேர்த்தார், இரண்டு தெனாரியம் கொடுத்தார், மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னார். முதலுதவி, போக்குவரத்து, தங்குமிடம், செலவு, பின்தொடர்ந்த கவனிப்பு. இன்றைய வல்லுநர்கள் நீண்ட அறிக்கைகளில் பரிந்துரைப்பவை ஏறக்குறைய இவைதாம். இவற்றுள் நாம் மிக எளிதாக மறப்பது கடைசியானது: திரும்பி வருதல்.

பெருந்திட்டம் எதையும் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு பங்கிலும் இருவரோ மூவரோ போதும். காவல் நிலையத்திற்கு உடன் சென்று முதல் தகவல் அறிக்கையின் படியை வாங்கித் தரத் தெரிந்தவர். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் எங்குள்ளது என்று அறிந்தவர். வழக்கு நாளன்று நீதிமன்ற வராந்தாவில் பக்கத்தில் அமர்ந்திருக்கக் கூடியவர். கேள்வி கேட்பதற்கு ஊரில் ஏற்கெனவே போதுமான ஆட்கள் இருக்கிறார்கள்.

கடந்த மாதம் ஆச்சியிடம் மீண்டும் சென்றேன். மணிக்கட்டு கூடிவிட்டது, ஆனால் செபமாலையை இடக்கையில்தான் உருட்டுகிறார். நான் அன்று கேட்ட கேள்விக்காக மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது நினைவில்லை, அல்லது இல்லை என்று சொன்னார். "நாளைக்கு முதல் பூசைக்கு நான் அந்த வழியாகத்தான் போகிறேன், வருகிறீர்களா?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எத்தனை மணிக்கு வருவிய?" என்றார்.